வேலை வண்டியை எத்தனை அங்குலம் உயர்த்தலாம்? எஃப்-250 உரிமையாளர் ஒருவருக்கு விரிவான பதில்

டெக்சாஸில் வேலி அடைப்பதும் பண்ணைக் கொட்டகை போடுவதுமாகத் தொழில் செய்யும் நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவரிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி. டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 18 அங்குல ரிம், 3.55 ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு 3.55 முறை சுற்றும்). பின்னால் கூஸ்நெக் டிரெய்லர் (பிக்கப்பின் திறந்த சாமான் தொட்டிக்குள்ளே கோக்கப்படும் வகை) இழுக்கிறார்; சாமான் ஏறினால் டிரெய்லர் 12,000 பவுண்டு வரை வரும். மழை பெய்த மறுநாள் களிமண் நிலத்தில் வண்டி வயிறு தட்டி நின்றுவிடுகிறது. கடைக்காரர் 6 அங்குல லிஃப்ட் கிட்டும் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) 37 அங்குல டயரும் போடச் சொல்கிறார். 4 அங்குலம் போதுமா, 6 அங்குலமே போட்டுவிடலாமா என்பது அவர் எழுதியுள்ள கேள்வி. ஆனால் அவர் தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால், உயர்த்திய பிறகும் இந்த வண்டி தன் வேலையைச் செய்யுமா என்பதுதான் உண்மையில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது. இத்தகைய கனரக பிக்கப்களின் சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில் என் பதிலை அவருக்கே நேராக, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 6 அங்குலம் வேண்டாம், 4 அங்குலமும் அநேகமாக வேண்டியிருக்காது. முன்பக்கம் இரண்டரை அங்குலம், பின்பக்கம் ஓர் அங்குலம், 35 அங்குல டயர் என்பதே உங்கள் வேலைக்குப் பொருந்தும் அளவு.

சேற்றிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் செலவுக்குக் காரணம் அதுதான். உங்கள் வண்டியில் முன்னாலும் பின்னாலும் திடமான ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு, இருக்கிறது. லிஃப்ட் கிட் ஆக்சிலுக்கு மேலே உள்ள சேசிஸையும் பாடியையும் உயர்த்துமே தவிர, ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கை ஓர் இழைகூட உயர்த்தாது. ஹவுசிங்கை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதிதான். தொழிற்சாலையில் இருந்து வந்த 275/70 டயரின் விட்டம் சுமார் 33.2 அங்குலம், 35 அங்குல டயருக்கு மாறினால் டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சில் நடுவே பருத்திருக்கும் கியர் பெட்டி) அடியில் கிடைப்பது 0.9 அங்குலம், 37 போட்டால் 1.9 அங்குலம். ஆகவே வயிறு தட்டுகிறது என்று நீங்கள் சொல்லும்போது எந்த வயிறு என்று குனிந்து பார்க்க வேண்டும். முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அடிப்பகுதியும் படிக்கட்டும் தட்டினால் லிஃப்ட் உதவும். டிஃபரன்ஷியல் உருளைதான் மண்ணை உழுதுகொண்டு போகிறது என்றால் 6 அங்குல லிஃப்ட்டின் பெரும்பகுதி வீண். டெக்சாஸ் கடற்கரைச் சமவெளியின் கரிய களிமண் டயர் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரையே வழுக்கும் உருளையாக்கிவிடும். அந்த மண்ணில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் இடைவெளியுள்ள டயரும், இரு பின் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டக்கூடிய பின் டிஃபரன்ஷியலும், மண்ணில் இறங்கும்முன் காற்றைக் குறைக்கும் பழக்கமும் தரும் பலனை உயரம் தராது. உங்கள் வண்டியில் மின் பூட்டு டிஃபரன்ஷியல் தொழிற்சாலையிலேயே வந்திருக்கலாம். டாஷ்போர்டில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பலர் அதை ஒருமுறைகூடத் தொடுவதில்லை.

உயரத்தின் மேல் வரம்பை உங்கள் விஷயத்தில் முடிவு செய்வது கூஸ்நெக் டிரெய்லர். லிஃப்ட் விளம்பரங்களில் டிரெய்லர் கோக்கப்பட்ட வண்டியின் படம் அரிதாகவே வரும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். டிரெய்லரின் கழுத்து, பிக்கப் தொட்டியின் பக்கச் சுவருக்கு மேலே பாலம்போல் கடந்து பின் ஆக்சில் அருகே உள்ள பந்தில் உட்காருகிறது. சுவருக்கும் கழுத்துக்கும் இடையே குறைந்தது 6 அங்குல வெளி வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்காலோ மேடோ குறுக்கிடும் இடத்தில் கழுத்து தொட்டியின் விளிம்பை நசுக்கிவிடும். 2017-க்குப் பிந்தைய சூப்பர் டியூட்டியில் இந்தச் சுவர் ஏற்கெனவே உயரம். இப்போது பின்பக்கத்தை 6 அங்குலம் உயர்த்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். டிரெய்லரை மட்டமாக வைக்க, பந்தைக் கவ்வும் கப்ளரைக் கழுத்தில் மேலே ஏற்றினால் அந்த 6 அங்குலமும் இடைவெளியிலிருந்து கழிந்துபோகும். கப்ளரை அப்படியே விட்டால் டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும். அப்போது இரட்டை ஆக்சிலில் பின் ஆக்சில் கூடுதல் சுமையை ஏற்று, அதன் டயரும் பிரேக்கும் முதலில் தேயும். டிரெய்லரின் ஆக்சிலையே அதன் கமான் பட்டைக்குக் கீழே மாற்றிக் கட்டி டிரெய்லரையும் உயர்த்துவது உண்டு, ஆனால் அது தனிச் செலவு, சாமானின் ஈர்ப்பு மையமும் மேலே போகும். ஆகவே கடைக்காரரிடம் போவதற்கு முன், சமதளத்தில், வழக்கமான சாமானுடன் டிரெய்லரைக் கோத்து, தொட்டிச் சுவருக்கும் கழுத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 8 அங்குலம் இருந்தால் பின்பக்கம் உயர்த்த உங்களுக்கு இருப்பது 2 அங்குலம். அதற்கு மேல் விவாதிக்க ஒன்றும் இல்லை.

எடை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருப்பதால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கனமான ஸ்பிரிங்கும் பெரிய டயரும் போட்டால் வண்டி கூடுதலாகச் சுமக்கும் என்பது உண்மையில்லை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பும் ஆக்சில் வரம்பும் எந்த லிஃப்ட்டாலும் கூடுவதில்லை. எஃப்-250-க்கு மொத்த வரம்பு பெரும்பாலும் 10,000 பவுண்டு. டீசல் எஞ்சினும் நான்கு கதவுக் கேபினும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்தபின் சுமைக்கு எஞ்சுவது பலர் நினைப்பதைவிடக் குறைவு. அது எவ்வளவு என்று டயர் விவரம் தரும் இன்னொரு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். கூஸ்நெக் டிரெய்லர் தன் எடையில் 20 முதல் 25 விழுக்காட்டைப் பந்தின் மேல் இறக்கும். உங்கள் 12,000 பவுண்டு டிரெய்லருக்கு அது 2,400 முதல் 3,000 பவுண்டு. அதற்கு மேல் ஆட்கள், கருவிப் பெட்டி, வெல்டிங் மிஷின் இருக்கின்றன. லிஃப்ட் கிட்டின் இரும்பும், கனத்த ரிம்மும், டயரும் கூட்டும் எடை இதே கணக்கிலிருந்துதான் கழியும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் ஆக்சில்வாரியாக எடை காட்டும் மேடை இருக்கும். டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போதே வரம்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது; அப்படியானால் லிஃப்ட் பற்றிப் பேசுவதற்கு முன் அதைத்தான் பேச வேண்டும்.

டயரிலும் இதே கணக்குதான். தொழிற்சாலையின் 275/70 டயர் 18 அங்குல ரிம்மில், ஈ வகைச் சுமைத் தரத்தில், 125 என்ற சுமைக் குறியீட்டு எண்ணைத் தாங்கி வரும். ஒரு டயர் 1,650 கிலோ சுமக்கும். 18 அங்குல ரிம்முக்கான 35 அங்குலம் உயர, பன்னிரண்டரை அங்குல அகல டயரில், அதே ஈ வகையில், அந்த எண் வழக்கமாக 123, அதாவது 1,550 கிலோ. அதே டயரை 20 அங்குல ரிம்முக்கு வாங்கினால் 121, அதாவது 1,450 கிலோ. பெரிய டயர் குறைவாகச் சுமப்பது வியப்பாகத் தோன்றலாம், ஆனால் அது ரிம் அளவையும், டயரின் பக்கச் சுவர் தாங்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஆக 35-க்குப் போங்கள், ஆனால் 18 அங்குல ரிம்மை விட்டு விலக வேண்டாம்; வாங்கும் டயர் ஒன்று சுமக்கும் எடையை இருமடங்காக்கி, உங்கள் ஸ்டிக்கரில் உள்ள பின் ஆக்சில் வரம்போடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். 37 அங்குல டயர் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் கியர் விகிதம். 3.55 விகிதத்தில் 37 போட்டால் வண்டி 3.18 போட்டதுபோல இழுக்கும். பழைய இழுவையைத் திரும்பப் பெற 4.10 அளவில் கிரவுன், பினியன் (டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்கள்) மாற்ற வேண்டும், நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டிலும் மாற்ற வேண்டும். 35-இல் அது 3.37-க்குச் சமம், டீசலின் திருப்புவிசைக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பு. ஸ்பீடோமீட்டரையும் ஸ்கேன் கருவி வழியாகத் திருத்தியாக வேண்டும். திருத்தாத வண்டியில் 37 டயரோடு 70 மைல் காட்டும்போது உண்மையில் 78 மைல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இனி முன்பக்கம். இங்கேதான் நல்ல கிட்டும் மலிவான கிட்டும் பிரிகின்றன. 2005-ஆம் ஆண்டு மாடல் முதல் சூப்பர் டியூட்டியின் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஆக்சில் காயில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. அதை முன்பின்னாகப் பிடித்திருப்பவை ரேடியஸ் ஆர்ம் என்னும் இரண்டு நீண்ட கைகள். ஒவ்வொரு கையும் ஆக்சிலில் இரண்டு புஷ்களாலும் (ரப்பர் உறைகள்) சேசிஸில் ஒரு புஷ்ஷாலும் பிடிக்கப்பட்டிருப்பதால், சேசிஸ் உயர உயர ஆக்சிலும் கையோடு சேர்ந்து சுழலும். கையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 4 அங்குல உயரத்துக்குச் சுமார் 6 பாகை, 6 அங்குலத்துக்கு 9 பாகைக்கு அருகில், இரண்டரை அங்குலத்துக்கே மூன்றரை பாகை சுழலும். அந்தச் சுழற்சி முழுவதும் கேஸ்டர் கோணத்திலிருந்து குறைகிறது. சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை எடுத்தாலும் அது நேராக ஓட உதவுகிறது. காரிலும் டிரக்கிலும் அந்தச் சாய்வே கேஸ்டர். இவ்வகை வண்டிகளில் அது 3 முதல் 5 பாகை வரை இருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, கையைத் தொடாமல் விட்டால் கேஸ்டர் பூச்சியத்துக்கு அருகே போய்விடும், பெரிய லிஃப்ட் என்றால் எதிர்ப்பக்கமே சாய்ந்துவிடும். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டியை ஓயாமல் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். 12,000 பவுண்டு டிரெய்லர் பின்னால் இருக்கும்போது அது களைப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. மேல் பால் ஜாயின்ட்டில் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) இருக்கும் சாய்வு புஷ்ஷை மாற்றுவது சிறு திருத்தத்துக்கு மட்டும் போதும். ரேடியஸ் ஆர்ம் சேசிஸைச் சேரும் இடத்தைக் கீழே இறக்கும் பிராக்கெட் போட்டால் கை மறுபடி மட்டமாக நிற்கும், கேஸ்டரும் திரும்பும், குழியில் விழும்போது வண்டி மென்மையாகவும் ஏறி இறங்கும். ஆனால் அந்தப் பிராக்கெட் சேசிஸுக்குக் கீழே தொங்கி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இடைவெளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கோணம் திருத்திய புதிய கையையே போடுவது மூன்றாவது வழி. அதில் தொங்கல் இல்லை, ஆனால் கை கீழ்நோக்கிச் சாய்ந்தே இருப்பதால் மேட்டில் ஏறும் சக்கரம் முன்னோக்கியும் தள்ளப்பட்டு அடி பலமாகத் தெரியும். இரண்டரை அங்குலத்துக்குச் சிறிய பிராக்கெட்டோ, சாய்வு புஷ்ஷும் அலைன்மென்ட்டும் சேர்ந்தோ போதும் என்பது என் கருத்து. வேறு மெக்கானிக் புதிய கைதான் சிறந்தது என்று சொன்னால் அவரோடு சண்டையிட மாட்டேன்.

பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடித்திருப்பது டிராக் பார். அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். சேசிஸ் உயரும்போது அது மேலும் சாய்ந்து, ஆக்சிலைத் தன் சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுக்கும். 90 செ.மீ. நீளப் பார் முன்பே 5 செ.மீ. சாய்ந்து நின்றிருந்தால், மேலும் 10 செ.மீ. உயர்த்தும்போது ஆக்சில் ஏறக்குறைய 11 மி.மீ. நகரும். இதை நீளம் மாற்றக்கூடிய பாராலோ, தாழ்த்தும் பிராக்கெட்டாலோ திருத்தலாம். பிராக்கெட்டால் தாழ்த்தினால் ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிராக் லிங்க் என்ற வேறொரு தண்டையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். இவ்விரண்டும் இணையாக நின்றால்தான் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாமல் இருக்கும். ஒன்றைத் தாழ்த்தி மற்றதை விட்டுவிட்ட வண்டிகள் எங்களிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. திடமான முன் ஆக்சில் கொண்ட வண்டிகளில் ஒரு மேட்டைக் கடந்த நொடியில் ஸ்டீயரிங் கையில் பிடிக்க முடியாதபடி உதறும் நோயையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேஸ்டர் பிசகு, தேய்ந்த டிராக் பார் புஷ், தளர்ந்த போல்ட், தேய்ந்த பால் ஜாயின்ட், சமநிலை இல்லாத டயர் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதிர்வைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பரை இரட்டையாக மாட்டுவது உதறலை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. 2019 வண்டி வேலையில் ஓடியிருப்பதால், கிட் போடும்முன் எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கை வைத்துப் பார்க்கட்டும். ஆடும் எதையும் முதலில் மாற்றுங்கள்.

பின்பக்கம் எளிது. தொழிற்சாலை பின்புறத்தைச் சற்று உயரமாக விட்டதற்குக் காரணம் சுமை. சுமை உட்கார்ந்ததும் வண்டி மட்டமாகும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி வெறும் வண்டியை மட்டமாக்கினால், டிரெய்லர் கோத்ததும் பின்புறம் அமுங்கி மூக்கு நிமிரும், முன் சக்கரத்தின் பிடி குறையும், விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதனால்தான் பின்னால் ஓர் அங்குலம் என்று சொன்னேன். அதற்கு ஆக்சிலுக்கும் கமான் பட்டைக்கும் இடையில் உயரமான இரும்புக் கட்டை வைப்பது மலிவான வழி. உயரம் கூடக் கூட, முடுக்கும்போது ஆக்சில் கமானை முறுக்கும் நெம்புகோலாக அந்தக் கட்டை மாறும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவதை எக்காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். கூடுதல் பட்டை சேர்ப்பதோ, சுமைக்கேற்ற புதிய கமான் கட்டு போடுவதோ நல்லது. காற்றுப் பை உதவி ஸ்பிரிங் வைத்தால் டிரெய்லர் உள்ள நாளில் மட்டும் காற்றைக் கூட்டி மட்டப்படுத்தலாம். அதுவும் எடை வரம்பைக் கூட்டாது என்பதை நினைவில் வையுங்கள். ஆக்சிலைக் கமானோடு கட்டும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. ஓர் அங்குலத்துக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் பெரிதாக மாறாது. ஆனால் கிளம்பும்போது அடியில் நடுக்கம் தெரிந்தால் பினியன் கோணத்தையும் நடு பேரிங் உயரத்தையும் அளக்க வேண்டும். அது உங்கள் வண்டியில் வருமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்.

பொருத்தும் வேலையில் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. டீசல் எஞ்சின் கனம் என்பதால் பெட்ரோல் எஞ்சினுக்கான காயில் ஸ்பிரிங் உங்களுக்கு அமுங்கிவிடும். கதவு ஸ்டிக்கரில் ஸ்பிரிங் குறியீடு இருக்கிறது, அதைக் காட்டி ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். ரேடியஸ் ஆர்ம், டிராக் பார் புஷ்களின் போல்ட்டை, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இந்த ஒரு கேள்விக்கு அவர் தரும் பதிலிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடுகின்றனவா, ஷாக் அப்சார்பர் புதிய உயரத்துக்கேற்ற நீளமா, ஆக்சில் மேலே வந்து மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் அதே அளவு தாழ்த்தப்பட்டதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சீரமைக்க வேண்டும். முன் கேமராவும் ரேடாரும் உள்ள வண்டி என்றால் அவற்றையும் மறுபடி அளவிட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தித் திருத்துவது பத்து நிமிட வேலை, பெரும்பாலோர் செய்வதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸில் முகப்பு விளக்கு தரையிலிருந்து 24 முதல் 54 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நான் சொன்ன அளவில் அதைத் தாண்ட மாட்டீர்கள். 2025 ஜனவரி முதல் அங்கே தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்பு ஆய்வு நீக்கப்பட்டாலும் வணிக வண்டிகளுக்கு அது தொடர்கிறது. தொழில் பெயரில் பதிவு செய்திருந்தால் கவனியுங்கள். மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போனால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைத் தரம் 10,001 பவுண்டு முதல் மத்திய அரசின் வணிக வாகன விதிகள் பொருந்தும், எந்த மாநிலத்தின் வழியாகப் போகிறீர்களோ அதன் விதியும் பொருந்தும். வட கரோலினா 2021 டிசம்பர் முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ மேலோ உயர்ந்து நிற்கும்படி மாற்றிய வண்டியைத் தடை செய்திருக்கிறது.

35 அங்குல டயர் இரண்டரை அங்குலத்தில் உரசாமல் திரும்புமா என்பது ரிம்மின் ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பதை, பொறுத்தது. தொழிற்சாலை ரிம்மில் பெரும்பாலும் உரசாது அல்லது ரேடியஸ் ஆர்மை லேசாகத் தொடும். வெளியே தள்ளி நிற்கும் ரிம்மில் பம்பரின் ஓரத்தை உரசும். புதிய டயரில் ஒன்றை மட்டும் மாட்டி, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பார்த்த பிறகு மற்ற மூன்றையும் மாட்டச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்து 500 மைல் ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் யூ போல்ட், டிராக் பார், ரேடியஸ் ஆர்ம் போல்ட்கள் எல்லாவற்றையும் முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட் சீட்டில் கேஸ்டர் இருபக்கமும் எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சீட்டையும், கூஸ்நெக் கழுத்து இடைவெளி அளவையும், எடை மேடைச் சீட்டையும் இங்கே பதிவிட்டால் மீதியைப் பார்த்துச் சொல்கிறேன்.